அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு நடந்து ஏறலாமா? பாதை, அனுமதி, பாதுகாப்பு

கேள்வி: அஸ்தம்பட்டி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. சேர்வராயன் மலையைத் தினமும் மொட்டை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே வாழ்கிறோம். ஆனால் பேருந்திலோ காரிலோ இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றித்தான் ஏற்காட்டுக்குப் போயிருக்கிறோமே தவிர, ஒருமுறைகூட நடந்து ஏறியதில்லை. வரும் டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு விடுமுறையில், அடிவாரத்திலிருந்து காலையில் கிளம்பிப் பழைய ஒற்றையடிப் பாதை வழியாக ஏற்காடு ஏறிவிட்டு மாலைக்குள் நடந்தே இறங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது.

வருபவர்கள் நானும் என் கணவரும், பதினான்கு வயது மகளும், சென்னையிலிருந்து வரும் அண்ணனும் அண்ணியும். அண்ணனுக்கு வயது 52. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இருவரும் பெசன்ட் நகர்க் கடற்கரையில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடப்பவர்கள் என்பதால் தங்களால் முடியும் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். எனக்குத்தான் தயக்கமாக இருக்கிறது. இந்தப் பாதையில் நடக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும், டிசம்பர் ஏற்ற காலமா, எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், விலங்குகளின் நடமாட்டம் எப்படி என்பதையெல்லாம் மலையில் நடந்து பழகியவர்கள் எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

பதில்: கோரிமேட்டு மலைநடையர்

வணக்கம் அம்மா. கோரிமேட்டில் பிறந்து வளர்ந்தவன், இந்த மலையின் தெற்குச் சரிவிலும் நாகலூர்ப் பக்கத்திலும் பல ஆண்டுகளாக நடப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தயக்கம் சரியானது. நடக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது போட்டிருக்கும் திட்டத்தில் ஒரு பாதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் உயரத்தைப் பாருங்கள். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,400 முதல் 1,500 மீட்டர் வரை. சேர்வராயன் கோயில் அமைந்துள்ள உச்சி 1,600 மீட்டருக்கும் சற்று மேல். அப்படியானால் அடிவாரத்திலிருந்து ஏறுபவர் ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். மலை நகரத்தை ஒட்டியே நிற்பதாலும், ஏறும் வழியில் திரும்பிப் பார்த்தால் சேலத்துக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரிவதாலும், இது ஒரு சிறிய நடை என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இந்த மலையில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் அந்த எண்ணத்தினால்தான் சிக்குகிறார்கள்.

நேரத்தைக் கணக்கிட 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது. சமதளத் தூரத்துக்கு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கொண்டு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். பாதையின் நீளம் எட்டு கிலோமீட்டர், ஏற்றம் ஆயிரம் மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் அது பழகிய கால்களுக்கு, நில்லாமல் நடப்பவர்களுக்கு. ஐம்பதைக் கடந்தவரும் சிறுமியும் இருக்கும் குழுவுக்கு அதில் பாதியைக் கூட்டி, ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அதற்குப் பிறகு அதே நாளில் நடந்தே இறங்குவது என்பதுதான் நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டிய பாதி. களைத்த கால்களோடு செங்குத்தான பாதையில் இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கும், கணுக்கால் பிசகும், உருளைக்கல்லில் பாதம் சறுக்கும். ஏறுவது நடை, இறங்குவது பேருந்து என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு மாலை வரை பேருந்துகள் கிடைக்கும்.

உங்கள் அண்ணனும் அண்ணியும் கடற்கரையில் நடப்பது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல பயிற்சிதான். ஆனால் அந்தத் தரை சமதளம் என்பதால் தொடைத் தசைக்கும் கெண்டைக்கால் தசைக்கும் ஏற்ற இறக்கப் பழக்கம் இருக்காது. இன்னும் நாள் இருப்பதால், அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளிலேயே, இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி நேரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஏறுவதைவிட நிதானமாக இறங்குவதைப் பழகுவது இன்னும் முக்கியம்.

அடுத்தது மழை. சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. வங்கக் கடலில் உருவாகும் மழை நம்மைத் தேடி வரும். புதுச்சேரிக் கடற்கரை இங்கிருந்து நேர்க்கோட்டில் 170 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருப்பதால் கடலோரப் புயலுக்கும் நமக்கும் தொடர்பில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுக்குறைந்து மேற்கு நோக்கி நகர்ந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏற்காட்டிலும் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்து, மலைச்சாலையில் மண்சரிந்து, போக்குவரத்தே நின்றது. தார்ச்சாலைக்கே அந்தக் கதி என்றால் ஒற்றையடிப் பாதையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. எனவே டிசம்பரில் திட்டமிடும்போது சேலத்து வானத்தைப் பார்த்தால் போதாது. தென்மேற்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு இருக்கிறதா என்று சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை மூன்று நாள்களுக்கு முன்பிருந்தே கவனித்து வர வேண்டும். கடலில் தாழ்வு மண்டலம் இருந்தால், இங்கே வெயில் அடித்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பெருமழை பெய்தால், அது நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள்கள் பொறுக்க வேண்டும். நீரில் ஊறிய சரிவு வெயில் வந்த பிறகும் சரியக்கூடும்.

மழையில்லாவிட்டாலும் டிசம்பரில் பனிமூட்டம் உண்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி வெப்பம் குறையும். வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு மேலே போய்க் காற்றில் நின்றால் உடல் வெடவெடக்கும். ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டையும் ஒரு மழைக்கோட்டும் பையில் இருக்கட்டும்.

பதில்: கன்னங்குறிச்சி இளைஞர்

அக்கா, வணக்கம். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் குழுவாக ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்பதாகத் தெரியவில்லை. மலைக் கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சந்தைக்கு வந்துபோன பாதைதானே அது. கைப்பேசி வரைபடத்திலும் வழி தெரிகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு இவ்வளவு நடைமுறைகள் தேவையா என்பது எனக்கு உண்மையிலேயே எழும் கேள்வி. தெரிந்தவர்கள் விளக்கினால் நானும் தெரிந்துகொள்வேன்.

பதில்: கோரிமேட்டு மலைநடையர்

தம்பி, கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள். மலைக் கிராமத்தாருக்கு அந்தப் பாதையில் வழக்கமான உரிமை உண்டு, நமக்கு இல்லை. சரிவின் பெரும்பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-இன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வகுக்கப்பட்டன. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் முறைப்படி திறக்கப்பட்டன. அவற்றில் சேலம் மாவட்டமும் உண்டு. இணையத்தில் பதிவு செய்தால், அந்தந்த மலையைச் சேர்ந்த பயிற்சி பெற்ற இளைஞர்கள் வழிகாட்டிகளாக உடன் வருவார்கள்.

நான் அனுமதியை வலியுறுத்துவதற்கு அபராதம் காரணமல்ல. அனுமதி பெற்றவர்கள் எத்தனை பேர், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு இறங்க வேண்டியவர்கள் என்பது கீழே ஒருவருக்குத் தெரியும். நேரம் தவறினால் தேடத் தொடங்குவார்கள். சொல்லாமல் போனவரை மறுநாள் வரை யாரும் தேட மாட்டார்கள். கைப்பேசி வரைபடத்தைப் பொறுத்தவரை, அதில் தெரியும் கோடு மாடு மேய்ப்பவர் போன தடமாகவும் இருக்கலாம், மழைநீர் அறுத்த ஓடையாகவும் இருக்கலாம். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் ஒரே மழைக்காலத்தில் பாதை மூடிப்போகும். அடிவாரத்தில் இன்னொன்றும் உண்டு. காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்வேலியும் சுருக்குக் கம்பியும் வைப்பவர்கள் அங்கங்கே இருக்கிறார்கள். விடியுமுன் குறுக்குவழியாக யாருடைய தோட்டத்துக்குள்ளும் கால் வைக்காதீர்கள். தங்கள் ஊர்க்காட்டில் எது எங்கே இருக்கிறது என்பது உள்ளூர் வழிகாட்டிக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது.

ஆசிரியை அம்மாவுக்கு: அடிவாரத்துப் பழைய பாதைக்கு அந்த நாளில் அனுமதி கிடைக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள். வனச்சரக அலுவலகத்தில் திறந்திருக்கும் பாதை எது என்று கேட்டு, அதிலேயே செல்லுங்கள். அதுவும் அமையவில்லையென்றால் காலைப் பேருந்தில் ஏற்காட்டுக்குச் சென்று, ஏரிக்கரையிலிருந்து சேர்வராயன் கோயில் வரை நடந்து திரும்பலாம். ஊர்ச்சாலையும் தோட்டங்களுக்கு நடுவிலான வழியுமாகச் செல்லும் அந்த நடையில் மேட்டுநிலத்தின் காற்றும் நிழலும் முழுமையாகக் கிடைக்கும். அனுமதிச் சிக்கலும் இல்லை.

பதில்: நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்திலிருந்து

அம்மா, வணக்கம். மேலே இருப்பவர்கள் பார்வையில் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

சேர்வராயன் மலையில் நடப்பவர் முதலில் நினைவில் வைக்க வேண்டிய விலங்கு காட்டெருமை. கரடி, பாம்பு என்றெல்லாம் அஞ்சுபவர்கள், நடுவழியில் அசையாமல் நிற்கும் காட்டெருமையைப் பார்த்ததும் மாடுதானே என்று கைப்பேசியை எடுத்துக்கொண்டு அருகில் போகிறார்கள். அதைத்தான் செய்யக்கூடாது. எங்கள் தோட்டத்தில் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் அவை சில்வர் ஓக் மரங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே வந்து மேயும். இவ்வளவு பெரிய உடம்பு பத்தடி தொலைவில் நின்றாலும் காப்பிச் செடிகளின் இருட்டில் தெரியாது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற நான்கு கால்கள்தாம் முதலில் கண்ணில் படும், பிறகு மூச்சுச் சத்தம் கேட்கும். அப்படி எதிர்ப்பட்டால் ஓடாமல், கூச்சலிடாமல், அதன் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்ந்து வழிவிடுங்கள். பக்கத்தில் பெரிய மரமோ பாறையோ இருந்தால் அதன் மறைவுக்குப் போங்கள். கூட்டமாக மேய்பவை பெரும்பாலும் தாமே விலகிப் போகும். தனியாகத் திரியும் கிழட்டுக் காளையிடம்தான் அதிக எச்சரிக்கை தேவை. தலையைத் தாழ்த்தி மூக்கால் சீறினாலோ, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினாலோ, இதற்கு மேல் நெருங்காதே என்று பொருள். நாயைக் கூட்டிக்கொண்டு மலை ஏறவே வேண்டாம். நாய் காட்டெருமையைச் சீண்டிவிட்டு எசமானரிடம்தான் ஓடிவரும். யானைகள் இந்த மலையில் குடிகொண்டிருக்கவில்லை என்பதால் அந்தக் கவலை இல்லை.

பாறைச் சரிவுகளில் மலைத்தேனீக் கூடுகள் உண்டு. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருவது, புகைப்பது, கல்லெறிவது ஆகிய மூன்றையும் தவிர்த்தால் பெரும்பாலும் ஆபத்தில்லை. கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, அந்த இடத்தைவிட்டு விரைவாக விலகிச் செல்ல வேண்டும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மலையோடைத் தண்ணீர் தெளிவாக இருக்கிறதென்று பலர் அள்ளிக் குடிக்கிறார்கள். அந்த ஓடைகள் தோட்டங்களைக் கடந்துதான் கீழே வருகின்றன. நாங்கள் காப்பிச் செடிக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை அடிக்கிறோம், உரம் போடுகிறோம். பழம் எடுக்கும் காலத்தில் காப்பிப் பழத்தின் தோலைக் கழுவிய தண்ணீரும் எங்காவது கலந்திருக்கலாம். குடிக்கும் தண்ணீரைக் கீழிருந்தே ஆளுக்கு இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் கொண்டு வாருங்கள்.

நீங்கள் வரும் டிசம்பர் எங்களுக்குப் பழம் எடுக்கும் காலம். வழிகளில் மூட்டைகளும் ஆட்களும் இருப்பார்கள். தோட்டத்து வழியைக் கடக்க வேண்டுமானால் கேட்டுவிட்டுக் கடந்து செல்லுங்கள், திறந்த கதவைச் சாத்திவிட்டுப் போங்கள். பெரும்பாலான தோட்டங்களில் மறுக்க மாட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் (கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுபவர்கள்) இந்த மலையில் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊர் வழியாகச் செல்லும்போது ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது மரியாதை மட்டுமல்ல. மூடுபனியில் வழி தவறினால் உங்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கப்போவதும் அவர்கள்தாம்.

கிள்ளியூர் அருவிக்குச் செல்லும் எண்ணமிருந்தால் தனியாக எச்சரிக்கிறேன். ஏற்காடு ஏரியின் உபரிநீரும் சுற்றுப்புற ஓடைகளும் சேர்ந்து ஏறக்குறைய 90 மீட்டர் விழும் அருவி அது. மழைக்காலத்தை ஒட்டி நீர் நன்றாக இருக்கும். பாறையும் அப்போதுதான் மிக மோசமாக வழுக்கும். அந்தக் கரும்பாறையின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பாசி படிந்திருக்கும். கண்ணால் பார்த்தால் ஈரம் என்று மட்டுமே தோன்றும், கால் வைத்தால்தான் தெரியும். கைப்பிடி இருக்கும் இடத்தோடு நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மேலே எங்காவது மழை பெய்தால் அருவியில் நீர் திடீரென்று கூடும். தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, உடனே ஓடையைவிட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

பதில்: செவிலியர், சேலம்

வணக்கம் சகோதரி. உங்கள் அண்ணனைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். சர்க்கரை மாத்திரையில் பல வகைகள் உள்ளன. சில வகைகள் நீண்ட நேரம் உழைக்கும்போது இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்திவிடும். எந்த மாத்திரை, அன்று காலை எவ்வளவு என்பதைப் புறப்படுவதற்கு முன்பே அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்து மணி நேரம் ஏறுவது தனக்குத் தகுமா என்பதையும் இதயப் பரிசோதனையோடு சேர்த்துக் கேட்கட்டும். வெறும் வயிற்றில் ஏறக்கூடாது. மணிக்கொரு முறை சிறிதளவு உண்ண வேண்டும். திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் களைப்பு என்று விட்டுவிடாமல், உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோ உடனே கொடுங்கள். அது அவருடைய பையில் மட்டும் இருந்தால் போதாது, உங்கள் பையிலும் இருக்க வேண்டும். புதுக் காலணியோடு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். சர்க்கரை நோயாளியின் காலில் கொப்புளம் எழுந்தால் வலி தெரியாமலே புண்ணாகிவிடும். வீடு திரும்பியதும் இரண்டு பாதங்களையும் விரலிடுக்கு உட்படப் பார்த்துவிட வேண்டும்.

பாம்புக்கடி அரிது, ஆனால் அடிவாரத்து வறண்ட பாறைச் சரிவில் சுருட்டை விரியன் இருக்கக்கூடிய இடங்கள் உண்டு. கைவைக்கும் இடத்தையும் உட்காரும் இடத்தையும் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது ஆகிய எதையும் செய்யாதீர்கள். கடிபட்ட கால் அசையாமல் குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி, அவரை நடக்க விடாமல் தூக்கி வந்து, 108-ஐ அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பைத் தேடிப் பிடிக்கும் வேலை வேண்டாம். நஞ்சுமுறி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைப் பாம்புக்கும் பொதுவானது. உங்கள் நிறுவனத்துச் சமிக்ஞை கிடைக்காத இடத்திலும் 112-க்கு முயன்று பாருங்கள். வேறு நிறுவனத்தின் கோபுரம் அருகில் இருந்தால் அந்த அழைப்பு போகும்.

பலர் அறியாத ஒன்றையும் சொல்கிறேன். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியின் கடியால் ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் வருகிறது. மழைக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் அது அதிகம். கடித்த இடத்தில் வலியில்லாத கருநிறப் பொருக்கு ஒன்று இருக்கலாம். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மறைந்திருப்பதால் தெரியாமல் போகும். மலைக்குப் போய்வந்து ஒன்றிலிருந்து மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், மலையில் நடந்தோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் எளிய மாத்திரையிலேயே குணமாகிவிடும். தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். நீளக் கால்சட்டையின் முனையைக் காலுறைக்குள் செருகிக்கொள்வதும், புல்மேல் நேரடியாகப் படுக்காமல் இருப்பதும், வந்ததும் குளித்து உடைகளை வெந்நீரில் போடுவதும் போதுமான தடுப்பு.

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டி ஆசிரியை

எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து படித்தோம். நடந்து இறங்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டோம். அண்ணன் அடுத்த வாரமே மருத்துவரைப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, வழிகாட்டியோடு செல்வதாக முடிவு செய்திருக்கிறோம்.

இன்னும் இரண்டு ஐயங்கள். பாதி வழியில் யாராவது முடியாமல் போனால், ஏறிப் போவதா இறங்கி வருவதா என்று எப்படித் தீர்மானிப்பது? அடுத்து, இந்த நடை நல்லபடியாக அமைந்தால், எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளை ஆண்டுத் தேர்வுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒருநாள் அழைத்துச் செல்லலாமா?

பதில்: கோரிமேட்டு மலைநடையர்

முதல் ஐயத்துக்கு: புறப்படும் முன்பே கடிகாரத்தை வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள், மலையில் மூச்சு வாங்கும்போது எடுக்கும் முடிவு சரியாக வராது. காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்குகிறீர்கள் என்றால், ஒன்பதரைக்குள் பாதி உயரத்தைத் தொட்டிருக்க வேண்டும். கைப்பேசியில் உயரம் காட்டும் செயலியை முன்பே நிறுவிக்கொண்டால் இது எளிது. அந்நேரத்துக்குள் தொடவில்லையென்றால், எல்லாரும் நலமாக இருந்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். பாதியைக் கடந்த பிறகு கால் வலியோ களைப்போ வந்தால், மேலே சாலையும் ஊரும் அருகில் என்பதால் நிதானமாக ஏறிவிடுவது நல்லது. நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல், மயக்கம் ஆகியவை வந்தால் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். நிழலில் உட்காரவைத்து உதவியை அங்கே வரவழைக்க வேண்டும். நோயுற்றவருடன் ஒருவர் கட்டாயம் இருக்க, உதவி தேடி இருவராகப் போக வேண்டும் என்பதால்தான் ஐந்து பேர் போதுமான எண்ணிக்கை என்று கருதுகிறேன். மிக மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்க, மற்றவர்கள் அவருடைய வேகத்துக்கு நடக்க வேண்டும். டிசம்பரில் மாலை ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். மரமடர்ந்த பள்ளங்களில் அதற்கு முன்பே இருட்டிவிடும். பகல்நடைதான் என்றாலும் தலையில் மாட்டும் விளக்கு குறைந்தது இரண்டு இருக்கட்டும்.

மார்ச் மாதத்தைப் பொறுத்தவரை, வேண்டாம் அம்மா. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீக் காலம் என்பதால் மலையேற்றப் பாதைகள் பொதுவாக மூடப்படும். அதை வெறும் விதியாக மாணவிகளிடம் சொல்லாமல் காரணத்தோடு சொல்லுங்கள். அந்த மாதங்களில் நம் சரிவுகளில் புல் சருகாகக் காய்ந்து கிடக்கும், இலையுதிர் மரங்கள் மொட்டையாக நிற்கும். தீயின் வெப்பம் மேல்நோக்கி எழுந்து, தனக்கு மேலே உள்ள புல்லை எரியுமுன்பே உலர்த்தி வைத்துவிடுகிறது. பகலில் காற்றும் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி வீசுகிறது. அதனால் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மனிதக் காலும் ஈடு கொடுக்க முடியாது. குரங்கணியில் மாண்டவர்கள் காய்ந்த புல் சரிவில்தான் சிக்கினார்கள். எப்போதாவது புகையைக் கண்டால் உச்சியை நோக்கி ஓடாமல், தீயின் பக்கவாட்டில் விலகி, புல்லில்லாத பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து முடிந்த நிலத்துக்கோ, சாலைக்கோ செல்ல வேண்டும் என்பதை ஒவ்வொரு மாணவியும் அறிந்திருக்கட்டும். எளிதில் உருகி உடலோடு ஒட்டும் நைலான் உடைகளுக்குப் பதில் அந்தப் பருவத்தில் காட்டோரம் செல்பவர்கள் பருத்தி அணிவது நல்லது.

ஏப்ரல், மே மாதங்களும் மாணவிகளுக்கு ஏற்றவை அல்ல. அப்போது காலையில் சேலத்து வெயில் கொளுத்தும், பிற்பகலில் இடியுடன் கோடைமழை இறங்கும். மின்னலுக்கும் இடியோசைக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவாக இருந்தால் இடி பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உச்சியிலும் தனிமரத்தடியிலும் நிற்காமல் தாழ்வான இடத்துக்கு இறங்கி, கடைசி இடியோசைக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதை நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வது கடினம்.

பள்ளிக்கு ஏற்றது பொங்கல் விடுமுறை முடிந்து ஜனவரி இறுதி வரையுள்ள வாரங்கள். மழை ஓய்ந்திருக்கும், புல் முழுதும் காய்ந்திருக்காது, வானமும் தெளிவாக இருக்கும். அடிவாரப் பாதை வேண்டாம்; பேருந்தில் மேலே சென்று ஏரியிலிருந்து சேர்வராயன் கோயில் வரையிலான நடையே போதும். அந்த நடைக்கு அனுமதிச் சிக்கல் இல்லாவிட்டாலும், தலைமையாசிரியரின் கடிதம், பெற்றோரின் ஒப்புதல், மாணவிகளின் பெயர்ப்பட்டியல் ஆகியவற்றோடு டிசம்பர் முதல் வாரத்திலேயே வனச்சரக அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். எழுதும்போது எத்தனை ஆசிரியைகள் உடன் வருகிறார்கள் என்பதையும், முதலுதவி தெரிந்தவர் யார் என்பதையும் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிட்டால் அவர்கள் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.